ஹுன்னஸ்கிரியவிலிருந்து பேராதனை நூலகத்துக்கு எவ்வளவு தூரம்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது, அதை மட்டும் தவற விடாதீர்கள்.

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியால் எங்கள் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரியும், தெல்தெனியவைத் தாண்டினால் மெதமஹநுவர. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டது அந்தப் பகுதியில்தான். நினைவுக்கல் ஒன்றும் இருக்கிறது. போன தவணை வரலாற்றுப் பாடத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருவர் கேட்டார்: "சேர், அந்த நேரம் நம்மட ஆக்கள் இந்தப் பக்கம் இருந்தாங்களா? இருந்திருந்தா யாருட பக்கம் நின்றாங்க?"

பாடப்புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. ஆசிரியர் கைநூலிலும் இல்லை. ஆனால் விடைக்கு ஓரளவு பக்கத்தில் போகக்கூடிய ஓர் ஆவணம் இருக்கிறது. ஜோன் டொயிலி என்ற ஆங்கில அதிகாரி 1810 முதல் 1815 வரை எழுதிய நாட்குறிப்பு. கண்டி இராச்சியத்துக்குள்ளிருந்து யார் வந்தார்கள், என்ன செய்தி கொண்டு வந்தார்கள் என்று நாள்வாரியாக எழுதி வைத்தவர் அவர். பிக்குகள், கமக்காரர்கள், பிரதானிகளின் ஆட்கள் என்று வந்தவர்களுக்கிடையில் முஸ்லிம் வியாபாரிகளும் வருகிறார்கள். அதே காலத்தில் அரசனின் 'மடிகே' பகுதியில், அதாவது பொதி சுமக்கும் தவளம் மாடுகளைக் கொண்டு நடத்திய போக்குவரத்துப் பகுதியில், சேவை செய்தவர்களிலும் பலர் முஸ்லிம்கள். ஆக, பிள்ளையின் கேள்விக்கு "இரண்டு பக்கமும்" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பு சிரித்தது. நல்ல விடைகள் சில நேரம் அப்படித்தான் வரும்.

அந்த நாட்குறிப்பை எச். டபிள்யூ. கொட்ரிங்டன் பதிப்பித்து 1917இல் அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை வெளியிட்டது. முன்னொரு காலம் எங்களைப் போன்ற ஓர் ஊர் ஆசிரியர் அதைப் பார்க்க வேண்டுமென்றால் கொழும்புக்குப் போக வேண்டும், அல்லது பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக வேண்டும். நாங்கள் அதை இடைவேளையில், ஆசிரியர் அறை ஜன்னல் பக்கம் நின்று (அங்கேதான் சிக்னல் பிடிக்கும்) இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலிருந்து போனில் பார்த்தோம்.

இந்தத் தூரம் எப்படிக் குறைந்தது, குறைந்த பிறகும் எது இன்னும் எட்டாமல் இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

பேராதனை நூலகம் பேராதனையில் பிறந்ததல்ல. 1921இல் கொழும்பு தர்ஸ்டன் வீதியில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகம்தான் அதன் வேர். 1942 ஜூலை 1ஆம் திகதி அது இலங்கைப் பல்கலைக்கழகமாகியது. ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர். 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம் மாறத் தொடங்கியபோது புத்தகங்களும் கடுகண்ணாவை ஏறி மலைநாட்டுக்கு வந்தன. 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணி வந்திருந்தபோது எடின்பரோ கோமகன் முறைப்படி திறந்துவைத்தார். அந்தப் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

நம் மக்களுக்கு இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1885ஆம் ஆண்டிலேயே இலங்கையில் அச்சகத்தார், வெளியீட்டாளர் பற்றிய கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. அச்சிடுகிற ஒவ்வொரு நூலையும் பதிவு செய்து பிரதி கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்படிப் பிரதி பெறுகிற நூலகங்களின் பட்டியலில் பேராதனையும் பின்னர் சேர்ந்தது. சட்டம் முழுமையாக நடந்திருந்தால், கொழும்பிலோ கண்டியிலோ கல்முனையிலோ அச்சான ஒவ்வொரு தமிழ்ப் புத்தகமும் பேராதனை மலையடிவாரத்துக்கு வந்திருக்க வேண்டும். சின்ன அச்சகங்களில் நூறு, இருநூறு பிரதி அடித்துக் கந்தூரியிலேயே விற்று முடிந்த மௌலிது, முனாஜாத்துப் புத்தகங்கள் எத்தனை அந்த வழியால் போயிருக்கும் என்று உங்களுக்கே விளங்கும்.

அதே 1885இல்தான் நம் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி எம். சி. சித்தி லெப்பை 'அஸன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று அதைப் பலர் சொல்கிறார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1882இல், அவர் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். கண்டி முஸ்லிம் ஒருவர் தமிழில் நாவல் எழுதுகிறார், பத்திரிகை நடத்துகிறார். இன்றைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால் வெட்கமாக இருக்கும். வெட்கம் பிள்ளைகளுக்கல்ல, எங்களுக்கு.

சரி, நூலகத்துக்குள் வருவோம். எங்களுக்கு முந்திய தலைமுறை ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்: உள்ளே போனதும் முதலில் தெரிவது புத்தகம் அல்ல, லாச்சிகள். மரத்தாலான சிறுசிறு லாச்சிகள் அடுக்கிய அலுமாரிகள். ஒவ்வொரு லாச்சியிலும் உள்ளங்கையளவு அட்டைகள், நடுவே ஓட்டையிட்டு ஒரு கம்பியால் கோத்திருக்கும், யாரும் உருவிக்கொண்டு போகாதபடி. ஒரு புத்தகத்துக்குக் குறைந்தது மூன்று அட்டை. ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் ஒன்று. அட்டையின் மூலையில் ஓர் இலக்கம். அந்த இலக்கம்தான் புத்தகம் இருக்கிற தட்டின் விலாசம்.

அந்த விலாச முறையே சுவாரசியமானது. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் உலக அறிவையெல்லாம் பத்தாகப் பிரித்தார். சமயத்துக்கு 200இலிருந்து 299 வரை. அதில் 220 தொடக்கம் 289 வரை கிறிஸ்தவத்துக்கே கொடுத்துவிட்டு மற்ற எல்லாச் சமயங்களையும் 290களுக்குள் அடைத்தார். இஸ்லாம் 297. தமிழ் இலக்கியத்தின் இலக்கம் 894.811. ஷேக்ஸ்பியரும் மற்ற ஆங்கில இலக்கியமும் 820களில் விசாலமாக இருக்க, நம் இலக்கியம் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் தள்ளி. நூலகம் என்பது வெறும் புத்தகக் களஞ்சியம் அல்ல, அதற்கும் ஒரு பார்வை உண்டு என்று இதை வைத்துத்தான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வோம். தமிழர் ஒருவரே இதற்கு மாற்று முறை ஒன்று செய்தார். சீர்காழிக்காரர், எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். முதலில் நூலக வேலை பிடிக்காமல் திரும்பவும் படிப்பிக்கப் போகவே அவர் விரும்பினாராம். ஆசிரியர்களாகிய எங்களுக்கு அதுவும் ஒரு பெருமை.

அட்டையின் குறை ஒன்றே ஒன்றுதான்: அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அதிகாலை பஸ் பிடித்துக் கண்டியில் இறங்கி, பேராதனை பஸ்ஸுக்கு மாறி, வாசலில் நிற்கும்போதே அரைநாள் முடிந்துவிடும். பிறகு அனுமதி. பல்கலைக்கழகத்தைச் சேராதவர் கடிதம் கொண்டு போக வேண்டும். நாங்கள் பயிற்சிக் கலாசாலையில் இருந்த காலத்தில் ஒப்படை ஒன்றுக்காக ஒரு பெரிய நூலகத்துக்கு இரண்டு பேராகப் போனோம். எந்த நூலகம் என்பது வேண்டாம். கடிதத்தில் கையொப்பம் இருந்தது, இறப்பர் முத்திரை இல்லை. வாசலோடு திரும்பினோம். வழியில் இஞ்சித் தேநீர் குடித்துவிட்டு, ஒப்படையை எழுதியவர்களின் ஒப்படையைப் பார்த்து எழுதினோம். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை, வருடங்கள் போய்விட்டன.

பேராதனையின் பெருமையைச் சொல்லும்போது ஒரு மனிதரைச் சொல்லாமல் விட முடியாது. எச். ஏ. ஐ. குணதிலக. 1970களில் அங்கே நூலகராக இருந்தவர். இலங்கையைப் பற்றி எழுதப்பட்ட நூல், கட்டுரை எல்லாவற்றையும் தேடித் தேடி, பதினாறாம் நூற்றாண்டிலிருந்து தன் காலம் வரைக்கும் விவரப் பட்டியல் செய்தார். முதல் இரு தொகுதிகள் 1970இல் வந்தன, மூன்றாவது 1976இல், நான்காவதும் ஐந்தாவதும் 1983இல். கணினி இல்லை, இணையம் இல்லை. அட்டைகளும் தட்டச்சும் ஞாபகமும்தான். இலங்கை வரலாறு எழுதப் புகுந்த எவரும் அந்தப் பட்டியலைத் தொடாமல் தாண்ட முடியாது.

ஆனால் அந்த மாபெரும் பட்டியலில் சித்தி லெப்பையின் நாவலைத் தேட வேண்டாம். அது மேற்கத்திய மொழிகளில் எழுதப்பட்டவற்றுக்கான பட்டியல். குணதிலகவைக் குறை சொல்லவில்லை. ஒரு மனிதர் ஓர் ஆயுளில் செய்ததே அவ்வளவு. தமிழில் எழுதப்பட்டவற்றைத் தமிழ் தெரிந்தவர்கள் பட்டியலிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்தவர்களும் நம்மில் இருந்தார்கள். பாணந்துறையைச் சேர்ந்த பேராசிரியர் ம. மு. உவைஸ், விபுலாநந்த அடிகளிடம் படித்தவர், முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்ததைத் தன் முதுமாணி ஆய்வாக எடுத்து 1953இல் நூலாக்கினார். பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போய் பீ. மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். கிழக்கில் எஸ். எச். எம். ஜெமீல் 'சுவடி ஆற்றுப்படை' என்று இலங்கை முஸ்லிம்களின் நூல்களைத் தேடிப் பட்டியலிட்டார். ஊர் ஊராகப் போய், அலுமாரி திறக்கச் சொல்லிக் கேட்டுச் செய்கிற வேலை அது. இந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இனி கணினி. நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்று ஒரு சிறு பிரதேசம். அங்குள்ள பொது நூலகத்தின் பழைய கணினி முறை 2000ஆம் ஆண்டு பிறந்தால் திகதி குழம்பி நின்றுவிடும் என்ற பயம். புதிதாக வாங்கப் பெரிய பணம் இல்லை. 1999இல் உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் சொல்லிப் புதிதாக ஒரு மென்பொருள் செய்வித்தார்கள். 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. பிறகு அதை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பெயர் 'கோஹா'. மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று பொருள். இன்றைக்கு இலங்கையில் பல்கலைக்கழக நூலகங்கள் பல இதைத்தான் பயன்படுத்துகின்றன. 1995இல் அட்டாளைச்சேனையில் தொடங்கி ஒலுவிலுக்குப் போன தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதில் ஒன்று. பணக்கார நாட்டின் பெரிய கம்பனி அல்ல, பணமில்லாத ஒரு சின்ன ஊர் நூலகம் செய்த வேலை உலகத்துக்குப் பயன்பட்டது. நமக்குப் பிடித்த கதை இது.

இதற்குப் பிறகு என்ன மாறியது? மர லாச்சிகள் திரைக்குள் போயின. இணையவழிப் பட்டியலில் வீட்டிலிருந்தே தேடலாம். புத்தகம் இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா, எந்தத் தட்டு என்று தெரியும். புத்தக முதுகில் பட்டைக்கோடு. சில நாடுகளில் சிறு மின் சில்லை ஒட்டி, வாசகரே இயந்திரத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போகிறார். இன்னொரு மென்பொருள் டிஸ்பேஸ், 2002இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நூலகமும் எச்.பி. நிறுவனமும் சேர்ந்து வெளியிட்டது. புத்தகத்தின் விலாசத்தை மட்டுமல்ல, ஆய்வேட்டையும் கட்டுரையையும் முழுதாகவே வைக்கிற களஞ்சியம். பேராதனையின் மின்னூலகம் அந்த வகை. அங்கே ஆய்வுக் கட்டுரைகளை எந்தக் கடிதமும் முத்திரையும் இல்லாமல் ஹுன்னஸ்கிரியவிலிருந்து திறக்கலாம். திறந்தும் இருக்கிறோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் பூட்டியபோதுதான் இதன் பெறுமதி பலருக்கு விளங்கியது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு லேர்ன் வலையமைப்பு வழியாக டேட்டா செலவில்லாமல் படிக்க ஏற்பாடு கிடைத்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம் பிள்ளைகள் மேட்டில் ஏறி, தேயிலைக்குள் நின்று, வட்ஸ்அப்பில் வந்த பாடத்தைக் கொப்பியில் எழுதினார்கள். மீமுரே பாதையில் உள்ளே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை.

இப்போது நம் சங்கதிக்கு வருவோம். திரையில் தேடுகிறோம். என்ன என்று தட்டச்சுவது?

முஹம்மத் என்று ஒரு பெயர். முகம்மது, முஹம்மது, முகம்மத், மொஹமட், முஹம்மட். ஒரே மனிதரின் ஐந்து புத்தகத்தில் ஐந்து விதம் இருக்கும். இயந்திரத்துக்கு அவை ஐந்து மனிதர்கள். நூலகர்கள் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள்: ஒரே ஆளின் எல்லா எழுத்து வடிவத்தையும் ஒரு பதிவில் கட்டி வைப்பது. ஆங்கிலப் பெயர்களுக்கு அந்த வேலை நிறைய நடந்திருக்கிறது. தமிழ்ப் பெயர்களுக்கு, அதிலும் அரபுப் பெயர் தாங்கிய தமிழ் எழுத்தாளர்களுக்கு, யாராவது உட்கார்ந்து செய்தால்தான் உண்டு. பழைய பட்டியல்கள் பலவற்றில் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார்கள். ழகரத்துக்கு என்ன எழுத்து, நெடிலுக்கு எங்கே கோடு என்று தெரியாதவருக்கு அந்தப் புத்தகம் இல்லாத புத்தகம்தான்.

ஆசிரியர்களுக்கு இதை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: பாமினி. பரீட்சைத்தாளைப் பாமினி எழுத்துருவில் அடித்து, அதைப் பேஸ்புக்கில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் குப்பை வரும். ஏனென்றால் கணினி அங்கே தமிழைச் சேமிக்கவில்லை, தமிழ் உருவம் போட்ட ஆங்கில எழுத்தைச் சேமித்திருக்கிறது. யூனிகோடில் 1991இலிருந்தே தமிழ் இருக்கிறது. நாங்கள் அதற்கு மாற எத்தனை வருடம் எடுத்தோம்? எங்கள் பாடசாலையில் இன்னும் முழுதாக மாறவில்லை. பாமினியில் கிடக்கும் பாடசாலை மலர்கள், ஆண்டறிக்கைகள் எதுவும் எந்தத் தேடலிலும் அகப்படாது.

எதுவும் நிலைக்கும் என்று நினைத்துவிடவும் முடியாது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் நடந்ததை இங்கே எழுதத் தேவையில்லை, இதை வாசிக்கிற பலர் அந்த நாட்களில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு இருந்தவர்கள். வீடு எரிந்தால் அலுமாரியும் எரியும். அதன்பிறகுதான் நாங்கள் காணி உறுதி, சான்றிதழ்கள் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வெளியூரில் உள்ள உறவுக்கு அனுப்பி வைத்தோம். பெரிய நூலகங்கள் செய்கிறதும் இதுதான், ஒரே பொருளின் பிரதிகளைத் தூரத் தூர வைப்பது. தீ மட்டுமல்ல. விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரமே தண்ணீருக்குள் போனது. கடும் வெயில் வருடங்களில் நீர் இறங்கும்போது சுவர்கள் தலைகாட்டும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கடைத்தெருவின் கணக்குக் கொப்பிகள் எங்கே?

யாழ்ப்பாணத்துத் தீயை மறக்காதவர்களின் காலத்தில்தான் 2005இல் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து நூலகம் என்ற இணையத் தளத்தைத் தொடங்கினார்கள். ஈழத்துத் தமிழ் நூல், சஞ்சிகை, மலர், துண்டுப்பிரசுரம் என்று ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். முஸ்லிம்களின் வெளியீடுகளுக்கும் மலையக மக்களின் வெளியீடுகளுக்கும் அங்கே இடம் உண்டு. பல்கலைக்கழகத்தின் பெயரோ கட்டடமோ இல்லாமல், பல்கலைக்கழக நூலகம் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறார்கள்.

இனிச் சொல்லப் போவது எங்கள் வீட்டுக் கதை.

உம்மும்மா மௌத்தானபோது அவரது மரப்பெட்டியில் ஒரு சீலைப் பொதி இருந்தது. மஞ்சளாகி விளிம்பு உடைந்த தாள்கள், எல்லாம் அரபு எழுத்து. எங்கள் வீட்டில் யாருக்கும் இரண்டாவது எண்ணம் வரவில்லை. பழைய குர்ஆன் தாள், காலில் மிதிபடக் கூடாது, அடக்கிவிட வேண்டும். மரியாதையோடு, பிஸ்மி சொல்லி, மண்ணுக்குள் அடக்கினோம். அப்போது எங்களுக்குப் பதினாறு, பதினேழு வயது. குழி வெட்டியதும் நாங்கள்தான்.

பிறகு கலாசாலையில் மௌலவி ஆசிரியர் ஒருவர் அரபுத்தமிழ் வாசிக்கச் சொல்லித் தந்தார். அரபு எழுத்துகளோடு, அரபியில் இல்லாத ட, ப, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டிய எழுத்துகள் சேர்த்து, தமிழை எழுதும் முறை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'மகானி'யும் பேருவளை ஷெய்கு முஸ்தபா அவர்களின் 'பத்ஹுர் ரஹ்மான்' தப்ஸீரும் அப்படி எழுதப்பட்டவை. நம் மூத்தும்மாமார் தமிழ் எழுத்துத் தெரியாமலே தமிழ் வாசித்தது இப்படித்தான். அவர் கரும்பலகையில் பெயின் கீழே கூடுதல் புள்ளி போட்ட எழுத்தை எழுதியபோதே எங்களுக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. உம்மும்மாவின் தாளில் அந்தப் புள்ளிகளைக் கண்டிருக்கிறோம். அவர் மாலை நேரம் ராகம் போட்டுப் படித்த தமிழ்ப் பாட்டுகள் எங்கிருந்து வந்தன என்றும் அப்போதுதான் விளங்கியது. நாங்கள் அடக்கியதில் குர்ஆன் தாளும் இருந்திருக்கலாம். தமிழும் இருந்தது, அது நிச்சயம்.

யாழ்ப்பாணத்தில் வெறுப்பு எரித்தது. நம் வீடுகளில் மரியாதையே அழிக்கிறது. அரபு எழுத்து என்பதாலேயே யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை, அடக்குவோம், ஆற்றில் விடுவோம். கிணற்றடியில் எரித்துச் சாம்பலைப் புதைப்பதும் உண்டு. கண்டி மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இது நடந்தது என்று கணக்கெடுக்க எந்த மென்பொருளும் இல்லை.

தடுக்க முடியாத காரியமும் அல்ல. 2010களின் தொடக்கத்தில் ரோனித் ரிச்சி என்ற ஆய்வாளர், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, இலங்கை மலாய்க் குடும்பங்களின் கைவசமிருந்த கையெழுத்துப் பிரதிகளைப் படமாக்கினார். புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. மூலம் அந்தந்தக் குடும்பத்திடமே இருக்க, படம் உலகத்துக்குப் போனது. நாட்டின் மூலையில் ஒரு வீட்டு அலுமாரியில் கிடந்ததை இன்று லண்டன் தளத்தில் யாரும் பார்க்கலாம். தொழில்நுட்பம் நம் வீட்டு வாசலுக்கு வந்த நல்ல உதாரணம் இது. நாம் இன்னும் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

பேராதனையிலும் ஆயிரக்கணக்கில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. சிங்கள விகாரைகளும் வைத்திய குடும்பங்களும் காத்து வைத்திருந்து கொடுத்த வகை அவை. வந்து சேர்ந்ததால்தான் நூலகம் காக்கிறது. வராததை எந்தப் பட்டியலும் காட்டாது. போனில் எவ்வளவு நல்ல தேடல் வசதி வந்தாலும் மண்ணுக்குள் போனதைத் தேட வழியில்லை.

வேண்டுகோள் இதுதான். எங்கள் மாமி வீட்டில் பழைய பெட்டி ஒன்றை ஒதுக்கும்போது ஒரு கிதாபு கிடைத்திருக்கிறது. கல்லச்சில் அடித்தது. அட்டை இல்லை, முதல் நான்கு பக்கமும் இல்லை. ஐந்தாம் பக்கத்திலிருந்து அரபுத்தமிழ். நாங்கள் தட்டுத்தடுமாறி வாசித்த அளவில் பெண்களுக்கான சட்டதிட்டங்களைப் பாட்டாகச் சொல்வது. எழுத்தை வாசிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தோம். அச்சுத் தமிழைப் பரவாயில்லாமல் வாசிக்கிற அது, இதை அரபியென்று எண்ணி அர்த்தமில்லாத சொற்களைத் தந்தது. பேராதனைப் பட்டியலில் தேடினோம், நூலகம் தளத்தில் தேடினோம். தலைப்பே தெரியாததை எப்படித் தேடுவது? உவைஸும் ஜெமீலும் செய்தது போல ஆளுக்கு ஆள் கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஐந்தாம், ஆறாம் பக்கப் படங்களைக் கீழே போட்டிருக்கிறோம். உங்கள் வீட்டு மூத்தும்மாமாரிடம் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முதல் இரண்டு வரியை யாராவது வாசித்துக் காட்டினால் மீதியைப் பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கலாம். அப்படிச் சொன்னால் போனில் குரலைப் பதிவு செய்து அனுப்புங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால் அடக்குவதற்கு முன் எங்களுக்கு ஒரு தகவல் தாருங்கள். நாங்கள் வந்து பார்க்கிறோம். எடுத்துக்கொண்டு போக மாட்டோம். உங்கள் மேசையிலேயே வைத்து, பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் படமெடுப்போம். ஒட்டிக்கொண்ட தாளைப் பிரிக்க முயல வேண்டாம். செலோடேப் ஒட்ட வேண்டாம், லமினேட் பண்ணவே வேண்டாம். பள்ளிவாசல் பழைய கணக்குக் கொப்பி, நிக்காஹ் பதிவு, பாடசாலையின் பழைய சம்பவத் திரட்டுப் புத்தகம் எதுவாக இருந்தாலும் சரி. தனிப்பட்ட விவரம் உள்ளவற்றைப் பொதுவில் போட மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு ஓய்வாகத்தான் இருப்போம். மழை பெய்தால் மட்டும் வெளிச்சம் போதாது, அடுத்த வாரம் வருவோம்.